வைக்கோல் கொட்டகையும் சிறு விமானமும்

சிறு விமானம் ஒன்றை நெடுங்காலம் பாதுகாத்து வைக்க ஆகும் செலவைத் தீர்மானிப்பது அதன் இறக்கையின் அகலமே. இருவர் அமர்ந்து பறக்கும் பைப்பர் ஜே-3 கப் என்னும் அமெரிக்க விமானம் எரிபொருளும் ஆளும் இல்லாத நிலையில் ஏறத்தாழ 350 கிலோ எடையே உடையது. அதன் நீளமும் 7 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆயினும் அதன் இறக்கைகள் முனைக்கு முனை 10.7 மீட்டர் விரிவதால், அதை முழு உருவில் உள்ளே கொள்ள நடுத்தூண் இல்லாத அகன்ற கூரையும், ஒரு பக்கச் சுவர் முழுவதும் திறக்கும் கதவும் கொண்ட கட்டடம் தேவைப்படுகிறது. ஹேங்கர் எனப்படும் இத்தகைய விமானக் கொட்டகைக்கு உரிய வாடகையை, நாள்தோறும் பறந்து பயன் தரும் விமானத்துக்குச் செலுத்த முன்வரும் உரிமையாளர்கூட, விபத்தில் உடைந்தோ வயதால் நலிந்தோ, சீரமைக்கப் பணமும் ஓய்வும் கிடைக்கும் காலத்துக்காகக் காத்திருக்கும் விமானத்துக்கு ஆண்டுக்கணக்கில் செலுத்துவது அரிது. இறக்கையைக் கழற்றியோ மடக்கியோ விமானத்தை ஒடுக்கிக் கிடைத்த இடத்தில் வைப்பதே அவருக்கு இருந்த ஒரே வழியாகும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்று பறக்கும் பழம்பெரும் சிறு விமானங்களில் பல, பெரிய நிறுவனங்களின் கைக்கு வந்து சேரும்வரை உழவர்களின் வைக்கோல் கொட்டகைகளிலும் பாலங்களின் அடியிலும் கிடந்தே உயிர் தப்பியவை என்பதால், அம்மலிவான இடங்களின் வரலாறு விமான வரலாற்றின் பிரிக்க முடியாத பகுதியாகிறது.

இவ்வழக்கத்தின் தொடக்கத்தை ரைட் சகோதரர்களிடமே காணலாம். 1903 டிசம்பர் 17 அன்று வட கரோலினா மாநிலத்துக் கடற்கரையில் நான்கு முறை பறந்த அவர்களது விமானம், அன்றே பலத்த காற்றில் புரண்டு சிதைந்து, பின்னர் ஒருபோதும் பறக்கவில்லை. அதைப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்து ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகருக்குக் கொண்டுவந்த சகோதரர்கள், தங்கள் மிதிவண்டிக் கடையின் பின்புறக் கொட்டகையில் அப்பெட்டிகளை வைத்துவிட்டு அடுத்த விமானத்தில் கவனம் செலுத்தினர். 1913 மார்ச் மாதம் டேட்டனை அழித்த பெருவெள்ளத்தில் அப்பெட்டிகள் 11 நாட்கள் நீரிலும் சேற்றிலும் மூழ்கிக் கிடந்தன. இருந்தும், 1916இல் காட்சிக்கு வைப்பதற்காகப் பெட்டிகள் திறக்கப்பட்டபோது, சேதமுற்ற உறுப்புகளைச் செப்பனிட்டு விமானத்தை மீண்டும் கோக்க முடிந்தது. 1928இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குச் சென்று, 1948இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த விமானம் இதுவே.

இதற்கு நேர்மாறான ஊழ் அதே சகோதரர்களின் 1905ஆம் ஆண்டு விமானத்துக்கு வாய்த்தது. தொழில்நுட்ப நோக்கில் 1903ஆம் ஆண்டு விமானத்தைவிட முதிர்ந்ததும், வளைந்து திரும்பி அரை மணி நேரத்துக்கும் மேல் பறக்க வல்லதுமான அது, 1908இல் விபத்துக்குள்ளான பின் அதே கடற்கரையின் கொட்டகையிலேயே கைவிடப்பட்டது. பெட்டியில் அடைக்கப்படாத அதன் உறுப்புகள் காலப்போக்கில் உள்ளூர் மக்களின் கைகளிலும் தொலைதூர அருங்காட்சியகம் ஒன்றிலும் பிரிந்து கிடக்க, 1940களின் இறுதியில் அவற்றைத் தேடித் திரட்டியும், இல்லாதவற்றைப் புதிதாகச் செய்தும், டேட்டனின் கேரிலன் பூங்காவில் அவ்விமானம் மீண்டும் நிறுத்தப்பட்டது. வெள்ளத்தில் மூழ்கிய பெட்டி காத்ததை, வெள்ளம் காணாத திறந்த கொட்டகை காக்கவில்லை என்பது கருதத்தக்கது. உறுப்புகள் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்து மூடி வைத்ததே முதலாவதைக் காப்பாற்றியது.

பிரிட்டனில் இவ்வரலாறு ரிச்சர்ட் ஷட்டில்வர்த் என்னும் செல்வந்த இளைஞரைச் சுற்றி அமைகிறது. பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்து ஓல்டு வார்டன் பண்ணைக்கு உரியவரான அவர், எவரும் மதிக்காதிருந்த பழைய மோட்டார் வண்டிகளையும் விமானங்களையும் 1930களில் வாங்கி, ஓடும் நிலைக்கும் பறக்கும் நிலைக்கும் கொண்டுவந்தார். 1935இல் அவர் கைக்கு வந்த பிளெரியோ விமானம் 1909ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. லண்டனை அடுத்த ஹெண்டனில் விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பயன்பட்டு, 1912இல் விபத்துக்குள்ளாகி, லண்டனின் பிளாக்ஃப்ரையர்ஸ் ரயில் பாலத்தின் அடியில் போட்டு வைக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து அதை வாங்கிச் செப்பனிட்ட கிரிம்மர் என்பவர் அதிலேயே பறக்கக் கற்றார். லண்டனின் ரயில் பாதைகள் செங்கல் வளைவுகளின் மேல் செல்பவை. அவற்றின் அடியில் உள்ள குகை போன்ற அறைகள் குதிரை லாயங்களாகவும் கிடங்குகளாகவும் குறைந்த வாடகைக்கு விடப்பட்டு வந்தன. இறக்கை கழற்றிய ஒற்றைத் தட்டு விமானத்துக்கு அத்தகைய இடமே போதுமானதாக இருந்தது.

அதைவிடவும் வியப்புக்குரியது 1912இல் கட்டப்பட்ட பிளாக்பர்ன் ஒற்றைத் தட்டு விமானத்தின் கதையாகும். விட்டரிங் பகுதியில் பண்ணை வைத்திருந்த ஃபிரான்சிஸ் கிளூ அதை வாங்கிப் பறந்து, முதல் உலகப் போர் தொடங்கிய ஆண்டில் விபத்துக்கு உள்ளாக்கிய பின், பாதி பிரித்த நிலையில் பண்ணையிலேயே விட்டுவிட்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஷட்டில்வர்த் அதைத் தேடிச் சென்றபோது, வைக்கோல் போர் ஒன்றின் அடியிலிருந்தே அதன் எச்சங்கள் வெளிப்பட்டன. 1940இல் விமானப் படைப் பயிற்சியின்போது ஷட்டில்வர்த் உயிரிழந்தமையாலும் போராலும் தடைப்பட்ட அதன் சீரமைப்பு, போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் நிறைவுற்றது. பறக்கும் நிலையில் உள்ள பிரிட்டிஷ் விமானங்களுள் மிகப் பழையது என்னும் பெருமை இன்று அதற்கு உரியது. ஒழுங்காக வேயப்பட்ட வைக்கோல் போர் மழைநீரை மேற்பரப்பிலேயே வழியவிடுவதாலும், சூரிய ஒளி உட்புகாமல் தடுப்பதாலும், அதன் அடியில் இருந்த உலோக உறுப்புகளும் எஞ்சினும் அழியாமல் தப்பின எனக் கருத இடமுண்டு. ஆயினும் இதை ஒரு முறையாகக் கொள்வதற்கில்லை. வைக்கோலின் அடியில் வைத்த மற்ற எத்தனையோ பொருள்கள் மட்கி மண்ணாகியிருக்கும்.

விமானத்தைச் செய்யும்போதே அதை வைக்கும் இடத்தைப் பற்றிச் சிந்தித்தவர் என்று ஜெஃப்ரி டி ஹாவிலாண்டைச் சொல்ல வேண்டும். 1925 பிப்ரவரியில் முதன்முதலாகப் பறந்த அவரது மாத் விமானத்தின் இரட்டைத் தட்டு இறக்கைகள், உடலை ஒட்டிப் பின்னோக்கி மடங்குமாறு கீல் வைத்துப் பொருத்தப்பட்டிருந்தன. விரிந்த நிலையில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலம் கொண்ட அது, மடக்கிய நிலையில் 3 மீட்டர் அளவுக்கு ஒடுங்கியதால், மோட்டார் வண்டிக் கொட்டகையில் நிறுத்தவும், வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லவும் இயன்றது. தனிநபர் விமானம் வைத்திருப்பதை ஓரளவு நடுத்தர வகுப்புக்கும் எட்டச் செய்த காரணங்களுள் இம்மடக்கு இறக்கை முக்கியமான ஒன்றாகும். 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்ததும், நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்து வந்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்த புஸ் மாத் விமானத்தில்தான். அதன் இறக்கைகளும் மடங்குபவையே. 1939இல் பிரிட்டனில் போரை முன்னிட்டுத் தனியார் பறத்தல் நிறுத்தப்பட்டு, தகுதியான விமானங்களை அரசு எடுத்துக்கொண்டபோது, எடுத்துக்கொள்ளப்படாதவை போர் முடியும்வரை ஊர்ப்புறக் கொட்டகைகளில் அடங்கிக் கிடக்க முடிந்ததற்கும் இம்மடக்கு அமைப்பு துணை நின்றது.

அமெரிக்காவில் இவ்வரலாறு வேறு வகையில் தொடங்கியது. முதல் உலகப் போர்க்காலப் பயிற்சிக்காக 6,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்ட கர்டிஸ் ஜென்னி விமானங்கள், போர் முடிந்ததும் உபரிப் பொருளாக அடக்க விலையின் ஒரு சிறு பங்குக்கு விற்கப்பட்டன. 1923இல் சார்லஸ் லிண்ட்பெர்க் ஜார்ஜியா மாநிலத்தில் தமது முதல் விமானமாக வாங்கிய ஜென்னியின் விலை 500 டாலர். ஊர் ஊராகச் சென்று மேய்ச்சல் நிலங்களில் இறங்கிச் சாகசம் காட்டிப் பிழைத்த விமானிகளின் கையில் பெரும்பாலான ஜென்னிகள் உழைத்துத் தேய்ந்தன. 1927க்குப் பின் அரசு விதித்த தகுதிச் சான்று விதிகள் அத்தகைய மர விமானங்களைப் பயன்பாட்டிலிருந்து விலக்கவே, எஞ்சியவை எந்த ஊரில் இறுதியாக இறங்கினவோ அந்த ஊர்க் கொட்டகைகளில் ஒதுங்கின.

அவ்வாறு ஒதுங்கியவற்றை மீட்கும் முயற்சிக்கு முன்னோடியாக விளங்கியவர் கோல் பேலன் என்னும் விமான எஞ்சின் தொழிலாளி. லிண்ட்பெர்க் 1927இல் பாரிசுக்குப் புறப்பட்ட, நியூயார்க்கை அடுத்த ரூஸ்வெல்ட் ஃபீல்டு விமானத் தளம் 1951இல் மூடப்பட்டபோது, அங்கு ஒரு கொட்டகையில் காட்சிக்கு இருந்த முதல் உலகப் போர்க்கால விமானங்களுள் ஆறினை அவர் தமது சேமிப்பு முழுவதையும் ஈந்து வாங்கினார். ஸ்பாட், ஆவ்ரோ, சாப்வித் ஸ்னைப், ஜென்னி ஆகியவை அவற்றுள் அடங்கும். குறுகிய காலக் கெடுவுக்குள் அகற்ற வேண்டியிருந்ததால், ஒவ்வொன்றையும் பிரித்துப் பல நடைகளில் எடுத்துச் சென்று, பெற்றோரின் வீட்டை ஒட்டிய கொட்டகைகளில் அடுக்கினார். 1950களின் இறுதியில் ரைன்பெக் ஊரின் அருகே ஒரு பழைய பண்ணையை வாங்கி, அங்கேயே புல்வெளி ஓடுபாதை அமைத்து அவர் பறக்கவிட்ட தொகுப்பு, ஓல்டு ரைன்பெக் ஏரோட்ரோம் என்னும் பெயரில் இன்றும் இயங்குகிறது. சம்பளத்தை மட்டுமே நம்பிய ஒருவர் ஆறு போர்க்கால விமானங்களை அழியாமல் காக்க முடிந்ததென்றால், அதற்கு வாடகை கேட்காத கொட்டகை கிடைத்ததே அடிப்படை.

எண்ணிக்கையில் மிகப் பெரிய ஒதுங்கல் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிகழ்ந்தது. போரிலிருந்து திரும்பிய விமானிகள் ஒவ்வொருவரும் சொந்த விமானம் வாங்குவர் என்ற எதிர்பார்ப்பில் அமெரிக்க ஆலைகள் 1946இல் ஏறத்தாழ 35,000 சிறு விமானங்களைக் கட்டின. எதிர்பார்ப்பு பொய்க்கவே, மறு ஆண்டு உற்பத்தி அதில் பாதிக்கும் கீழே சரிந்தது. அவற்றுள் பெரும்பாலானவை துணி போர்த்தியவை. அக்காலத்துப் பருத்தித் துணி வெளியில் நின்றால் சில ஆண்டுகளிலேயே வலுவிழக்கும். அத்துணியின் மீது டோப் என்னும் செல்லுலோஸ் பூச்சு பூசப்படும்; காய்ந்து இறுகி, துணியை முரசின் தோல்போல இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. ஏ தரம் எனப்பட்ட அப்பருத்தித் துணி புதிதாக இருக்கையில் ஓர் அங்குல அகலத்துக்கு 80 பவுண்டு இழுவிசையைத் தாங்க வேண்டும்; 56 பவுண்டுக்குக் கீழே இறங்கினால் அவ்விமானம் பறக்கத் தகுதியற்றதாகிவிடும். புதுத்துணி போர்த்தும் கூலி விமானத்தின் சந்தை மதிப்பையே எட்டிய நிலையில், அயோவா, இல்லினாய், ஒஹையோ போன்ற உழவு மாநிலங்களில் உரிமையாளர்கள் இறக்கைகளைக் கழற்றிக் கொட்டகை உத்தரங்களில் தொங்கவிட்டு, உடலை ஒரு மூலையில் தள்ளி வைத்தனர். 1953இல் அயோவாவில் பழம்பெரும் விமானங்களுக்கான சங்கமும், விஸ்கான்சினில் சொந்தமாக விமானம் கட்டுவோர் சங்கமும் தோன்றிய பின்னர், கொட்டகை கொட்டகையாகச் சென்று விமானம் தேடுவது அமெரிக்க விமான ஆர்வலரிடையே ஒரு வேட்கையாகவே வளர்ந்தது.

கொட்டகையின் நன்மை தீமைகளை இங்கே விரிவாக நோக்குவது தகும். வைக்கோலை உலர்வாக வைத்திருப்பதற்கென்றே கட்டப்பட்ட அமெரிக்கப் பண்ணைக் கொட்டகையின் பரண் காற்றோட்டமானது. வெயிலும் மழையும் படாதது. தரையின் ஈரம் எட்டாதது. மரத்துக்கு அது ஏற்ற இடமாகும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டினால்தான் பூஞ்சணம் அதைத் தின்னத் தொடங்கும் என்பதால், கூரை ஒழுகாத பரணில் வைத்த இறக்கையின் ஸ்பார், அதாவது இறக்கை முழுவதும் நீளும் முதன்மைத் தாங்குசட்டம், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் உறுதியாகக் கிடைத்ததுண்டு. ஆனால் அச்சட்டங்களை ஒட்டிய பசை வேறு வகைப்பட்டது. 1930கள் வரை பெரிதும் வழங்கிய கேசின் பசை பாலின் புரதத்திலிருந்து செய்யப்படுவது. ஈரம் பட்டால் நுண்ணுயிர்கள் அதை உண்டு, பிடிப்பு கழன்றுவிடும். பின்னர் வந்த செயற்கைப் பிசின் பசைகளுக்கு இக்குறை இல்லை. எனவே மரம் நன்றாக இருப்பதாகத் தோன்றும் பழைய இறக்கையையும் பசை இணைப்புகளைத் திறந்து பார்க்காமல் ஏற்பது ஆபத்தானது.

பரணுக்குக் கீழே மாடும் குதிரையும் கட்டிய தொழுவமாக இருந்தால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. விலங்குகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவி, செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் விரிசலை உண்டாக்கும். இவ்வுண்மை முதலில் வெளிப்பட்டது இந்தியாவில் என்பது குறிப்பிடத்தக்கது: 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடிப்புற்றன; உறைகளைக் குளிர்நிலையில் இழுத்து உருவாக்கியபோது உலோகத்தில் தங்கிய உள்ளிழுவிசையும் அம்மோனியாவும் சேர்ந்து விளைவித்த கேடு அது என 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. விமானத்தின் எரிபொருள் குழாய் இணைப்புகளும் கார்புரேட்டரின் சிறு உறுப்புகளும் பித்தளையால் ஆனவை ஆதலால், தொழுவத்தின் மேல் வைத்த விமானத்தில் அவற்றை ஐயத்துடனேயே நோக்க வேண்டும்.

எலியால் விளையும் கேடு அதைவிடப் பரவலானது. துணி போர்த்திய இறக்கையின் உட்புறம் எலிக்கு இருளும் வெதுவெதுப்பும் உள்ள வளையாகிறது. வைக்கோலும் பஞ்சும் சேர்த்து அது கட்டும் கூடு சிறுநீரில் ஊறி, அலுமினிய விலாச்சட்டங்களில் ஒட்டியபடியே கிடந்து அவற்றை அரித்துத் துளைத்துவிடுகிறது. வெளித்துணி பளபளப்பாக இருக்கும் இறக்கையை அறுத்துத் திறக்கும்போது உள்ளே சட்டங்கள் வெண்பொடியாக உதிர்வது சீரமைப்பாளர் பலருக்கும் நேர்ந்த ஏமாற்றமாகும். இதனால், போகப்போகும் பழைய துணியை விமானத்தின் மீதே விட்டுவைக்காமல், வைக்கும் முன்பே முழுவதும் உரித்துவிடுவது நல்லது என்ற கருத்து வலுப்பெற்றது. உரித்த கூட்டில் எலி தங்காது. துரு எங்கே தொடங்குகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். ஆயினும் மூலத் துணியில் இருந்த வண்ணங்களும் எழுத்துகளும் அத்துடன் அழிந்துபோவதால், உரிக்கும் முன் அளவெடுத்துப் படம் பிடிப்பதையும், எழுத்துள்ள துண்டுகளைத் தனியே காப்பதையும் அக்கறையுள்ளோர் கைக்கொண்டனர்.

மலிவான இடத்தின் குறையைக் கைத்திறனால் ஈடுசெய்யும் இத்தகைய வழக்கங்கள் பல உண்டு. கழற்றிய இறக்கையைத் தட்டையாகக் கிடத்தினால் விலாச்சட்டங்கள் நசுங்கும் என்பதால், அதன் முன்விளிம்பு கீழே இருக்குமாறு, பழைய கம்பளமோ பஞ்சோ சுற்றிய தாங்கியில் நிறுத்தி வைப்பர். அல்லது அகன்ற துணிப் பட்டைகளால் உத்தரத்தில் தொங்கவிடுவர். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த உடலில், குழாய்களின் உட்புறம் சூடான ஆளிவிதை எண்ணெயை ஊற்றி வடித்துவிடுவது ஆலைகளே பின்பற்றிய முறை. அவ்வெண்ணெய் உட்சுவரில் படலமாகக் காய்ந்து துருவைத் தடுக்கும். மரத்தாலான முன்சுழலியை நிமிர்த்தி வைத்தால் ஈரம் கீழ்முனைக்கு இறங்கி எடைச் சமநிலை கெடும் ஆதலால், அது எப்போதும் கிடைநிலையில் வைக்கப்படும். எஞ்சினுக்குப் பாதுகாப்பு எண்ணெய் ஊட்டி, தீப்பொறிச் செருகிகள் இருந்த துளைகளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் நிரம்பிய செருகிகளைப் பொருத்துவர். நீலமாக இருக்கும் மணிகள் ஈரத்தை ஏற்க ஏற்க இளஞ்சிவப்பாக மாறும். மாறியதும் புதியவற்றை இடவேண்டும். இச்செலவுகள் அனைத்தும் சேர்ந்தாலும் ஹேங்கர் வாடகைக்கு அருகில் வாரா. தவறாமல் சென்று பார்க்கும் உழைப்பே இம்முறையின் உண்மையான விலை. பூட்டிய கொட்டகையில் அழிந்த விமானங்களின் வரலாற்றைப் பார்த்தால், இடம் மோசமாக இருந்ததைவிட எவரும் எட்டிப் பார்க்காததே பெருங்கேடு விளைவித்தது என்று துணிந்து கூறலாம்.

அரசு நிறுவனங்களும் இந்த இடப் பற்றாக்குறைக்கு விலக்காக இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்கத் தேசிய விமான அருங்காட்சியகத்துக்கென ஒதுக்கப்பட்ட விமானங்கள் இல்லினாய் மாநிலத்துப் பார்க் ரிட்ஜில் மூடப்பட்டிருந்த ஆலையில் வைக்கப்பட்டிருந்தன. கொரியப் போருக்கு அவ்வாலை தேவைப்பட்டதும் இடமிழந்த அவற்றுக்காக, காப்பாளர் பால் கார்பர் மேரிலாந்தின் சில்வர் ஹில்லில் மரமடர்ந்த 21 ஏக்கர் அரசு நிலத்தைத் தேடிப் பெற்றார். எளிய உலோகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக எழும்வரை, பெட்டியில் அடைத்த விமானங்கள் வெட்டவெளியிலேயே மழையும் பனியும் தாங்கி நின்றன. பின்னாளில் கார்பரின் பெயரையே பெற்ற அவ்விடத்தில் சில விமானங்கள் சீரமைப்புக்காக அரை நூற்றாண்டு காத்திருந்தன. அரிசோனாப் பாலைவனத்தில் 1946 முதல் படை விமானங்களைத் திறந்தவெளியில் நிறுத்தி வைக்கும் டேவிஸ்-மொந்தன் தளத்தின் முறை துணி விமானத்துக்குப் பொருந்தாது. அங்குள்ள வறண்ட காற்று உலோகத்தைக் காக்குமேயன்றி, அவ்வெயில் துணியையும் ரப்பரையும் எரித்துவிடும்.

பிற்கால மலிவு வழிகளுள் போர்க்கால உபரியாகக் கிடைத்த, வளைந்த உலோகத் தகட்டாலான குவான்செட் குடிசைகளும், டி-ஹேங்கர் வரிசைகளும் குறிப்பிடத்தக்கவை. முன்னே அகன்றும் பின்னே ஒடுங்கியும் இருக்கும் விமானத்தின் வடிவுக்கு ஏற்ப அறைகளை எதிரெதிராகக் கோத்துக் கட்டிய டி-ஹேங்கர், வீணாகும் தரைப்பரப்பைக் குறைத்து வாடகையைத் தாழ்த்தியது. கப்பல் சரக்குப் பெட்டகங்கள் பெருகிய பின், 40 அடிப் பெட்டகம் பலருக்கும் வசதியாயிற்று. உட்புறம் 12 மீட்டர் நீளமும் 2.35 மீட்டர் அகலமும் உடைய அதில், இறக்கையும் வாலின் கிடைத்தட்டும் கழற்றிய பைப்பர் கப் முழுவதும் அடங்கும். எலி புகாது, பூட்டலாம், வீட்டுக் கொல்லையிலேயே வைக்கலாம். ஆனால் பகலில் சூடேறி இரவில் குளிரும் எஃகுக் கூரையின் உட்புறம் நீர் வியர்த்துச் சொட்டுவதால், காற்றுத் துளைகள் அமைத்துக் கூரைக்கு உள்ளுறை இடாவிட்டால் ஒழுகும் கொட்டகையைவிட அது தீங்கானது.

இறுதியாக, விமானத்தோடு சேர்த்துக் காக்கத் தவறிய சிறு பொருள்களைக் குறிப்பிட வேண்டும். கட்டிய ஆலை பொறித்த அடையாளத் தகடும், பறந்த மணிகளையும் செய்த பழுதுகளையும் வரிசையாகக் கொண்ட பதிவேடும் இல்லாவிடில், சட்டத்தின் பார்வையில் அவ்விமானத்துக்கு முந்தைய வாழ்வு என்று ஒன்று எளிதில் நிலைநாட்டப்படுவதில்லை. உடல் கொட்டகையிலும், இறக்கைகள் பக்கத்து ஊரிலும், பதிவேடு வீட்டு அலமாரியிலும் இருக்க, உரிமையாளர் இறந்து சொத்து விற்கப்படுகையில் மூன்றும் மூன்று கைகளுக்குச் செல்வதுண்டு. தகடும் பதிவேடும் கிடைத்த விமானத்தில் அழுகிய மரம் முழுவதையும் மாற்றினாலும் அது பழைய எண்ணிலேயே பறக்க வழி இருக்கிறது. அவை இல்லாத விமானத்தில் எஞ்சின் எத்தனை மணி ஓடியது என்று அறிய இயலாமல், ஒவ்வோர் உறுப்பையும் பிரித்து அளந்தே ஏற்க வேண்டியிருக்கிறது. இதை அறிந்த சீரமைப்பாளர், கழற்றும் ஒவ்வொரு ஆணியையும் இடம் எழுதிய பையில் இட்டு அந்தந்த உறுப்போடே கட்டி, பதிவேட்டின் படியை எஞ்சின் பெட்டியிலேயே வைக்கின்றனர்.